ஆர்டீஸ் உள்ள, பாண்ட்ஸ் வெளிய... இது என்ன கணக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா

எடிசன்_ராஜா:
போன மாசம் பையன கூட்டிட்டு கூப்பர்ஸ்டவுன் போயிருந்தேன், பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் பாக்கணும்னு ரெண்டு வருஷமா நச்சரிச்சுட்டு இருந்தான். நியூ ஜெர்சில இருந்து நாலு மணி நேரம் டிரைவ், கடைசி ஒரு மணி நேரம் ரோட்டோரம் பூரா மாடும் வைக்கோல் கட்டும்தான், மெயின் ஸ்ட்ரீட்டுக்கு மொத்தமே ஒரு சிக்னல் லைட்டு. பையனுக்கு 12 வயசு, லிட்டில் லீக்ல செகண்ட் பேஸ் ஆடுறான். வெண்கல பிளேக் எல்லாம் மாட்டியிருக்கிற ஹாலுக்குள்ள நுழைஞ்சு ஒரு ரவுண்டு சுத்திட்டு வந்து கேட்டான், "அப்பா, 762 ஹோம் ரன் அடிச்சவர் எங்க?"

பேரி பாண்ட்ஸத்தான் கேக்குறான். நான் அவரோட ஸ்டீராய்டு, அதாவது ஊக்கமருந்து கதைய முடிஞ்ச அளவுக்கு சொன்னேன். கேட்டுட்டு நேரா டேவிட் ஆர்டீஸ் பிளேக் முன்னாடி இழுத்துட்டு போயி நிறுத்திட்டான். 2003 ஊக்கமருந்து டெஸ்ட்ல இவர் பேரும் இருந்துச்சுன்னு யூட்யூப்ல பாத்திருக்கான் போல. ஹாலுக்குள்ள யார் போகலாம்னு ஓட்டு போடுறது பேஸ்பால் பத்தி எழுதுற ரைட்டர்கள். 2022ல ஒரே பாலட் (ஓட்டுச் சீட்டு), ஒரே ரைட்டர்கள், ஆர்டீஸுக்கு 77.9 சதவீதம், பாண்ட்ஸுக்கு 66. உள்ள போக வேணும்னது 75. அது பாண்ட்ஸுக்கு பத்தாவது வருஷம், அதாவது ரைட்டர்கள் ஓட்டுல கடைசி சான்ஸ்.

நான் கிரிக்கெட் பாத்து வளந்தவன், இங்க வந்தப்புறம்தான் இந்த ஆட்டம் புரிய ஆரம்பிச்சுது. எனக்கே பதில் தெரியல, பையனுக்கு என்னத்த சொல்ல? ஏழு எம்விபி (சீசனோட சிறந்த பிளேயர் விருது) வாங்கின ஆள் வெளிய நிக்கிறது சரின்னு நினைக்கிறீங்களா?

நாலாம்பால்:
தல, முதல்ல அந்த 2003 லிஸ்ட் விஷயம். அது தண்டனைக்கான டெஸ்டே இல்ல, எத்தனை பேர் எடுக்குறாங்கன்னு கணக்கெடுக்க பேர் வெளிய வராதுன்னு வாக்கு குடுத்து எடுத்த டெஸ்ட். 2009ல பத்திரிகைல கசிஞ்சுது. அதுக்கப்புறம் 2016ல கமிஷனர் மேன்ஃப்ரெடே, அந்த லிஸ்ட்ல பத்துக்கு மேல பேரோட ரிசல்ட்டு சந்தேகத்துக்குரியதுன்னு சொல்லிட்டார். 2004ல இருந்து ஒழுங்கான டெஸ்ட் வந்தப்புறம் ஆர்டீஸ் ஒரு தடவ கூட மாட்டல. ரைட்டர்களுக்கு அது ஒரு சாக்கு கிடைச்ச மாதிரி. கூடவே மனுஷன் ஜாலியான ஆள், பத்திரிகைக்காரங்களுக்கு புடிக்கும், 2013 வேர்ல்டு சீரிஸ்ல (சாம்பியன்ஷிப் ஃபைனல்) .688 பேட்டிங் ஆவரேஜ் அடிச்சாரு. பாண்ட்ஸ் அவங்க கிட்ட சிடுசிடுன்னே இருப்பார். ஓட்டு போடுறது அதே ஆளுங்கதானே, வேறென்ன எதிர்பாக்குறீங்க.

ஆனா கேட்டா நான் பாண்ட்ஸ் பக்கம்தான். ஸ்டீராய்டு கதை 1998 சீசனுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குதுன்னு அவர திட்டுறவங்களே சொல்றாங்க. அதுக்குள்ளயே மூணு எம்விபி, 400 ஹோம் ரன், 400 ஸ்டீல் (பேஸ் திருடி ஓடுறது). அந்த வருஷம் மே மாசம் அரிசோனாவோட ஒரு மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், மூணு பேஸும் ஃபுல், அரிசோனா 8-6 லீட். பாண்ட்ஸ் பேட்டோட வரார். அரிசோனா மேனேஜர் பக் ஷோவால்டர் என்ன பண்ணாருன்னா வேணும்னே வாக் குடுத்துட்டார், அதாவது அடிக்கவே விடாம சும்மா முதல் பேஸுக்கு அனுப்பிட்டார்! ஒரு ரன்ன தட்டுல வச்சு தாம்பூலம் மாதிரி குடுத்துட்டு அடுத்த ஆள அவுட் ஆக்கி 8-7ல ஜெயிச்சாங்க. உன்ன ஆட விடுறத விட ஒரு ரன் குடுக்கறது லாபம்னு எதிர் டீம் முடிவு பண்ணின பிளேயர் அவர். இத உங்க பையன்கிட்ட சொல்லுங்க.

அட்லாண்டா_கலா:
நாலாம்பால் தம்பி, நல்லா பேசுற, ஆனா ஒத்துக்க மாட்டேன். 1998 வரைக்கும் நல்லவன்னா அதோட நிறுத்தியிருக்கணும். எங்க அட்லாண்டா பிரேவ்ஸ்ல ஆடின ஃப்ரெட் மெக்கிரிஃப் 493 ஹோம் ரன் அடிச்சார், 500க்கு ஏழு கம்மி. ஊரெல்லாம் பலூன் மாதிரி உப்பி ஒரே சீசன்ல 60, 70னு அடிச்சப்போ இவர் நம்பர் சாதாரணமா தெரிஞ்சுது, பத்து வருஷமும் பாலட்ல இருந்து 40 சதவீதத்த கூட தொடல. ஒழுங்கா ஆடினவனுக்கு ஆன நஷ்டத்த யாரும் பேச மாட்டேங்கிறீங்க. கடைசில 2022 டிசம்பர்ல, ரைட்டர்கள் விட்டுட்டவங்கள மறுபடி பாக்குற கமிட்டி கூடி 16 பேரும் அவருக்கு ஓட்டு போட்டாங்க, அதே மீட்டிங்ல பாண்ட்ஸுக்கு நாலு ஓட்டு கூட இல்ல. அன்னிக்கு எங்க வீட்ல பாயசம் வச்சேன், பொய் இல்ல.

அதவிட பெரிய சந்தோஷம் இந்த 2026ல எங்க பிரேவ்ஸ் சென்டர் ஃபீல்டர் ஆண்ட்ரூ ஜோன்ஸ். 2018ல முதல் வருஷம் 7.3 சதவீதம், அஞ்சுக்கு கீழ போயிருந்தா பேரே தூக்கியிருப்பாங்க. ஒன்பதாவது வருஷம் உள்ள வந்துட்டார். .254 ஆவரேஜ்க்கு ஹால் ஆஃப் ஃபேமான்னு கேக்குறவங்க எங்க டர்னர் ஃபீல்டு ஸ்டேடியத்துல அவர நேர்ல பாத்திருக்க மாட்டாங்க. 2005ல நானும் வீட்டுக்காரரும் சென்டர் ஃபீல்டுக்கு பின்னாடி மலிவு டிக்கெட்ல உக்காந்திருந்தோம், எங்களுக்கும் அவருக்கும் நடுவுல அவ்ளோ காலி இடம், இவர் என்னமோ செகண்ட் பேஸ் பின்னாடி கூட்டத்துல தொலைஞ்சவர் மாதிரி முன்னாடி வந்து நிக்கிறார். தலைக்கு மேல ஒரு பந்து போச்சு, திரும்பி பந்த பாக்காமலே ஓடி வந்து, பஸ் ஸ்டாப்ல நிக்கிறவர் மாதிரி நின்னு, இடுப்புகிட்ட கிளவ்வ வச்சு புடிச்சுட்டு போயிட்டார். பத்து வருஷம் தொடர்ந்து கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டிங் விருது), 434 ஹோம் ரன். 30 வயசுக்கு மேல ஒண்ணுமே ஆடலங்கிறது நிஜம்தான், 2008ல டாட்ஜர்ஸ்ல .158 அடிச்சத பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. அதுக்காக அதுக்கு முன்னாடி ஆடினது இல்லன்னு ஆயிடுமா?

நாலாம்பால்:
கலா அக்கா, இப்பதான் மாட்டுனீங்க 😄 ஜோன்ஸுக்கு 30 வயசுக்கு மேல நடந்தத மறக்கணும், பாண்ட்ஸுக்கு 34 வயசுக்கு முன்னாடி நடந்தத மறக்கணும். அதே 2026ல உள்ள போன பெல்ட்ரான் 2017 ஆஸ்ட்ரோஸ் டீம்ல எதிர் டீம் சிக்னல திருடி, என்ன பந்து வருதுன்னு குப்பைத் தொட்டிய தட்டி சொன்ன விவகாரத்துல கமிஷனர் ரிப்போர்ட்ல பேர் வந்த ஒரே பிளேயர். மெட்ஸ் மேனேஜர் வேலை ஒரு மேட்ச் நடத்தறதுக்குள்ள போச்சு. அவருக்கு மூணு நாலு வருஷம் காக்க வச்சது போதுமாம். அப்போ எந்த திருட்டுக்கு எத்தன வருஷம்னு ஒரு ரேட் கார்டு போட்டு மெயின் ஸ்ட்ரீட்ல ஒட்டிடலாம்.

அட்லாண்டா_கலா:
ஜோன்ஸுக்கு வயசானது குத்தமா தம்பி? உடம்பு வச்சு போறதும் ஊசி போட்டுக்கறதும் ஒண்ணா? பெல்ட்ரான் விஷயத்துல மட்டும் நான் வாய தொறக்கல, அது எனக்கும் உறுத்தல்தான்.

மிச்சிகன்_மைனர்:
எல்லாரும் பாண்ட்ஸ் பாண்ட்ஸ்னு அடிச்சுக்குறீங்க, அவர பத்தி பேசவாவது ஆள் இருக்கு. எங்க டெட்ராய்ட் லூ விட்டேக்கர் பேர் எத்தன பேருக்கு தெரியும்? ராஜா அண்ணே, உங்க பையன் செகண்ட் பேஸ் ஆடுறான்னு சொன்னீங்கல்ல, அவனுக்கு இந்த கதைய சொல்லுங்க.

1977 செப்டம்பர் 9, ஃபென்வே பார்க். ஷார்ட்ஸ்டாப் ஆலன் ட்ரம்மலும் செகண்ட் பேஸ் விட்டேக்கரும் ஒரே நாள்ல மேஜர் லீக்ல இறங்குனாங்க. அப்புறம் 19 சீசன் பக்கத்து பக்கத்துல நின்னு ஆடினாங்க, புருஷன் பொண்டாட்டி கூட அவ்ளோ நாள் சண்டையில்லாம இருக்க மாட்டாங்க. விட்டேக்கர் 2369 ஹிட், ட்ரம்மல் 2365. நாலே நாலு வித்தியாசம். ஹோம் ரன் விட்டேக்கருக்கு அதிகம், 244. வார் கணக்குல பாத்தா, அதாவது சாதாரண மாற்று ஆள விட டீமுக்கு எத்தன வெற்றி கூடுதலா குடுத்தார்ங்கிற கணக்குல, அவர் 75, ட்ரம்மல் 70 சொச்சம். ட்ரம்மல் பிளேக் கூப்பர்ஸ்டவுன்ல தொங்குது. விட்டேக்கர் 2001ல முதல் வருஷமே 2.9 சதவீதம், அஞ்சு சதவீத ரூல்ல அவுட். மொத்தம் பதினஞ்சு பேர்தான் ஓட்டு போட்டாங்க. ஜோன்ஸ் 7.3ல தப்பிச்சதால ஒன்பது வருஷம் அவருக்காக எழுத ஆள் இருந்துச்சு, ஸ்காட் ரோலனும் 10 சதவீதத்துல தொடங்கி 2023ல உள்ள வந்தவர்தான். எங்காளுக்கு அந்த வாய்ப்பே இல்ல.

அதே ஹால்ல ஹெரால்ட் பெய்ன்ஸ் இருக்கார். நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஆனா ரைட்டர்கள் ஓட்டுல 6.1 சதவீதத்துக்கு மேல போகாதவர், 2018ல கமிட்டில 12 ஓட்டு வாங்கி உள்ள போயிட்டார். அந்த கமிட்டில அவரோட பழைய மேனேஜர் டோனி லா ருஸ்ஸா இருந்தார். 16 பேர் ரூம்ல உக்காந்து பேசினா யாருக்கு யார தெரியும்ங்கிறதுதான் ஓட்டு. ஊர் பஞ்சாயத்து.

1985 ஆல் ஸ்டார் மேட்ச்க்கு யூனிஃபார்ம எடுத்துட்டு வர மறந்துட்டார் விட்டேக்கர். ஸ்டேடியத்துல ரசிகர்களுக்கு விக்கிற கடைல ஒரு டைகர்ஸ் (டெட்ராய்ட் டீம்) ஜெர்சி வாங்கி முதுகுல மார்க்கர் பேனால 1னு எழுதி போட்டுட்டு ஆடினார். அந்த ஜெர்சி இப்போ ஸ்மித்சோனியன்ல இருக்கு. ஜெர்சிக்கு மியூசியத்துல இடம் கிடைச்சுது, ஆளுக்கு இல்ல.

சும்மா_பாக்க_வந்தேன்:
பீட் ரோஸ்? 4256 ஹிட்டு. யாரும் வாயே தொறக்கல.

நாலாம்பால்:
ரோஸ் கேஸ் தனி ப்ரோ. அவர் ஆட்டத்துல குறை சொல்ல யாருமே இல்ல, மேனேஜரா இருக்கும்போது சொந்த டீம் மேட்ச் மேல பந்தயம் கட்டுனார், 1989ல தடை. 15 வருஷம் இல்லவே இல்லன்னு சாதிச்சுட்டு 2004ல ஒத்துக்கிட்டார். புதுசா தேர்வானவங்கள ஹாலுக்குள்ள சேக்குற இன்டக்‌ஷன் விழா வாரக் கடைசில அதே மெயின் ஸ்ட்ரீட்ல கடை போட்டு உக்காந்து காசுக்கு ஆட்டோகிராஃப் போடுவார், ஹாலுக்கு நடந்து போற தூரம்தான். 2024ல செத்துட்டார், 2025 மே மாசம் செத்தவங்களுக்கு தடை கிடையாதுன்னு லீக் சொல்லிடுச்சு, 2027 டிசம்பர்ல கமிட்டி முன்னாடி வரலாம். உயிரோட இருக்கும்போது விடல, செத்தப்புறம் கதவ தொறந்து வச்சிருக்காங்க. எனக்கு அந்த ஆள் மேல பெரிய மரியாதை இல்ல, இருந்தாலும் இது கொஞ்சம் அசிங்கமாதான் இருக்கு.

பாண்ட்ஸுக்கு அதுவும் கஷ்டம். 2025 டிசம்பர் கமிட்டில அஞ்சு ஓட்டு கூட வரல, அவர் கூட ஜயண்ட்ஸ்ல ஆடின ஜெஃப் கென்ட் மட்டும் 14 ஓட்டோட உள்ள போனார். ரெண்டு பேரும் டக்அவுட்லயே கழுத்த புடிச்சு சண்டை போட்டவங்கங்கிறது தனி காமெடி. ஒரு ஆளுக்கு மூணு ஓட்டுதான், பதினாறு பேருக்கு மொத்தம் 48, எட்டு பேர் நடுவுல பிரிஞ்சா உள்ள போக வேண்டிய 12 எங்க வரும்? புது ரூல் படி அஞ்சுக்கு கீழ வாங்கினா அடுத்த ரவுண்டு கிடையாது, இனிமே 2031. அப்பவும் அஞ்சு வரலன்னா அதோட சரி.

எடிசன்_ராஜா:
எல்லாருக்கும் நன்றி. ராத்திரி சாப்பிடும்போது பையனுக்கு எல்லாத்தையும் படிச்சு காட்டுனேன். பாண்ட்ஸ் விஷயத்துல நாலாம்பால் சொன்னதுதான் சரிங்கிறான், பேஸ் ஃபுல்லா இருக்கும்போது வாக் குடுத்தத நாலு தடவ சொல்ல சொன்னான். நான் கலா அக்கா பக்கம் கொஞ்சம் சாஞ்சுட்டேன், மெக்கிரிஃப் பத்தி யோசிக்கவே இல்ல. பாண்ட்ஸ் பழைய சாதனைய தாண்டி அடிச்ச 756வது ஹோம் ரன் பந்த ஒருத்தர் ஏழரை லட்சம் டாலருக்கு ஏலம் எடுத்து, ஆன்லைன்ல ஓட்டு நடத்தி, அதுல நட்சத்திரக் குறி (இந்த சாதனை சந்தேகத்துக்குரியதுங்கிற அடையாளம்) வெட்டி அந்த மியூசியத்துக்கே குடுத்திருக்காருன்னு இன்னிக்குதான் படிச்சேன். பந்து உள்ள, அடிச்ச ஆள் வெளிய.

மைனர், விட்டேக்கர் ஆடின பழைய வீடியோ எதாவது இருந்தா லிங்க் போடுங்க, டபுள் பிளே (ஒரே பந்துல ரெண்டு அவுட்) திருப்புறது எப்படின்னு பையன் பாக்கணுமாம்.

மிச்சிகன்_மைனர்:
வேலை முடிஞ்சு வந்து போடுறேன் அண்ணே. 1984 வேர்ல்டு சீரிஸ்ல இருந்து ஆரம்பிக்க சொல்லுங்க. விட்டேக்கர் கைய மட்டும் பாக்க சொல்லுங்க, பந்து கிளவ்ல இருக்கிற நேரமே தெரியாது.