மார்க்டவுன்: 1908 எப்படி 1844 ஆனது?

பாளையங்கோட்டையிலிருந்து:

நெல்லை வரலாற்றுக் குறிப்புகளை நண்பர்கள் சிலர் மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) கோப்புகளாகத் தொகுத்து வருகிறோம். காலவரிசைப் பகுதியில் ஒவ்வொரு வரியும் ஆண்டும் புள்ளியுமாகத் தொடங்கும்:

1843. சுலோசன முதலியார் பாலம்
1908. வ.உ.சி. கைதும் நெல்லை எழுச்சியும்
1911. மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டது

வரித் தொடக்கத்தில் எண், புள்ளி, இடைவெளி என வந்தால் மார்க்டவுன் அதை எண்ணிட்ட பட்டியலாகவே கொள்ளும். மார்க்டவுனை உருவாக்கிய ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட முதல் நிரல் தொடக்க எண்ணைப் பொருட்படுத்தாததால், அதில் 1, 2, 3 என்று வந்தது. மார்க்டவுனுக்குப் பின்னர் வகுக்கப்பட்ட பொது வரையறையான காமன்மார்க்கைப் பின்பற்றும் செயலியோ முதல் எண்ணை மட்டும் ஏற்றுக்கொண்டு மற்றவற்றைத் தானே எண்ணிச் சென்றதால், நெல்லை எழுச்சி 1844ஆம் ஆண்டுக்கும் ஆஷ் கொலை 1845ஆம் ஆண்டுக்கும் போய்விட்டன. 1, 2, 3 என்றிருந்தால் பார்த்தவுடனே பிழை தெரிந்துவிடும். 1844 என்பது மெய்யான ஆண்டைப் போலவே நிற்பதால், படிக்கும் மாணவர் அதை அப்படியே நம்பிக் குறித்துக்கொள்வார். இதுதான் எனக்குப் பெருங்கவலை தந்தது. ஆண்டுக்கும் புள்ளிக்கும் நடுவே பின்சாய்வுக்கோடு (\) இட்டு, வரிகளுக்கிடையே ஒரு வெற்று வரி விட்டால் இரண்டிலும் சரியாக வருகிறது.

தென்காசியிலிருந்து:

அண்ணாச்சி, தமிழில் எழுதுவோருக்கு அடிக்கடி நேரும் இன்னொன்றையும் சொல்கிறேன். மேற்கோள் குறிக்குள் உள்ள பெயரை இரட்டை உடுக்குறிகளால் (**) தடித்த எழுத்தாக்கி உடனே வேற்றுமை உருபைச் சேர்த்து, **‘தாமிரபரணி’**யில் என்று எழுதினால், காமன்மார்க் செயலிகள் எழுத்தைத் தடிப்பாக்காமல் உடுக்குறிகளையே காட்டுகின்றன. உடுக்குறிக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அதை மூடுகுறியாக ஏற்கக்கூடாது என்பது அவ்வரையறை. குரூபரின் நிரலில் இத்தடை இல்லை. மேற்கோள் குறியை வெளியே நிறுத்தி, ‘**தாமிரபரணி**’யில் என்று எழுதினால் இரண்டும் ஏற்கின்றன.

செயலிகளுக்கிடையிலான முரண்களைத் தீர்க்கவே 2014இல் காமன்மார்க் முயற்சி அறிவிக்கப்பட்டது. பெரும்பாலானவற்றைத் தீர்த்தும் இருக்கிறது. ஆனால், சொல்லுக்குப் பின் இடைவெளி விடும் ஆங்கிலத்தில் அரிதாக நேரும் இச்சிக்கல், உருபு ஒட்டி வரும் நம் மொழியில் பத்திக்குப் பத்தி வரக்கூடியது. சீன, ஜப்பானிய மொழியினர் இதே விதியைப் பற்றி ஏற்கெனவே முறையிட்டிருக்கிறார்கள். தங்கள் கோப்புகளிலிருந்து இத்தகைய வரிகள் சிலவற்றைத் தந்தால், தமிழுக்கான எடுத்துக்காட்டுகளாகத் தொகுத்து நானே காமன்மார்க் குழுவினருக்கு அனுப்பிவைக்கிறேன்.