பின்னணி மங்கல் இயல்பாகத் தெரிய என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. போனில் எடுத்த ஒரு முழு உருவப் படத்தின் பின்னணியை கிம்ப் 2.10 என்ற படத்திருத்த மென்பொருளில் மங்கலாக்கிக்கொண்டிருக்கிறேன். (போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், அது காதையும் சேர்த்து மங்கலாக்கிவிடுகிறது.) அதிலுள்ள மங்கலாக்கும் ஃபில்டர்களில், காசியன் பிளரில் விளக்கொளிகள் வெறுமனே கரைந்துபோகின்றன. லென்ஸ் பிளர் அவற்றை வட்ட வட்டமாகக் காட்டுவதால் எவ்வளவோ தேவலை.

சிக்கல் ஓரங்களில்தான். சட்டை நிறம் பின்னணியில் கசிந்து, உடம்பைச் சுற்றி ஒரு வளையம் நிற்கிறது. மங்கலாக்கும் முன்பே பின்னணி லேயரில் (அடுக்கில்) ஆளை அழித்து, அந்த இடத்தைக் குளோன் கருவியால் (பக்கத்துப் பகுதியை நகலெடுத்து) நிரப்பினால் கசிவு போய்விடுகிறது. ஆனால் பறக்கும் முடியிழைகளுக்கு மாஸ்க் (லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று கறுப்பு வெள்ளையில் குறிப்பது) எப்படிப் போடுவது?

இன்னொன்று, காலடித் தரை கூர்மையாக இருந்து, தூரம் போகப்போக மங்க வேண்டும். மாஸ்க்கில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் இழுத்தால் தரை சரியாக வருகிறது. பின்னால் நிற்கும் மரம் மட்டும் அடியில் தெளிவாகவும் உச்சியில் மங்கலாகவும் ஆகிவிடுகிறது. மரத்துக்குத் தனி மாஸ்க்தான் வழியா?

அப்புறம் பார்டர். படத்தைச் சுற்றிக் கரை போடும் ‘ஆட் பார்டர்’ ஃபில்டர் பக்கத்துக்குப் பக்கம் நிற அழுத்தத்தை மாற்றிப் போட்டது. அந்த வேறுபாட்டின் அளவான டெல்டா மதிப்பை 0 ஆக்கியதும் சரியானது. ஆனால் வெள்ளை பார்டரோடு வெளிர் வானம் கலந்துவிடுகிறது. உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு போடலாமா, நிறத்தையே மாற்றலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.