170 செ.மீ. உயரம், 48 கிலோவுக்கு இறங்கச் சொல்கிறார்கள்

கேள்வி (மும்பை, மாட்டுங்காவிலிருந்து): இப்போது 54 கிலோ. ரேம்ப் ஷோ வேண்டுமானால் 48-க்கு வா என்கிறது அந்தேரி மாடலிங் ஏஜென்சி ஒன்று. இறங்கலாமா அக்கா?

பதில் (சயானிலிருந்து): வேண்டாம்மா. உன் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) இப்போது 18.7. 48 கிலோ என்றால் 16.6. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவு. இஸ்ரேலில் அந்த அளவுக்குக் கீழே இருப்பவரை விளம்பரத்தில் காட்டச் சட்டமே இடம் தராது. பிரான்சில் மாடல்களுக்கு 2017 முதல் டாக்டர் சான்றிதழ் கட்டாயம். சாப்பாடு போதாவிட்டால் மாதவிலக்கு நின்றுபோகும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும், இந்த வயதில் ஏற வேண்டிய எலும்பு பலம் ஏறாது. மூன்று மாதம் வராவிட்டால் உடனே டாக்டரைப் பார்.

பதில் (செம்பூரிலிருந்து): பேதி மாத்திரை, சிறுநீர் போகவைக்கும் நீர் மாத்திரை பக்கம் போகவே போகாதே. இறங்குவது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. கூடவே பொட்டாசியமும் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும்.

கேள்வி: அப்போ வருமானம்?

பதில் (சயான்): கேட்டலாக் ஷூட், புடவை, நகை விளம்பரம் கேள். அங்கே சாம்பிள் துணி பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மார்பு, இடை, இடுப்பு மூன்றையும் இஞ்ச் டேப்பில் அளந்து, உள்ளதை உள்ளபடி உன் மாடல் கார்டில் (படமும் அளவும் போட்டுக் கொடுக்கும் அட்டை) போடு. கூட்டிக் குறைத்துப் போட்டால் ஃபிட்டிங்கிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் கமிஷன் எத்தனை சதவீதம், பணம் எத்தனை நாளில் வரும், எடை கூடினால் பிடித்தம் உண்டா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு.