காரமாண்ட் அச்சுல மங்கலா வருது, அவசரம்

சுவடி27: ஆங்கில நாவல், 200 பக்கம், முழுக்க காரமாண்ட் ஃபாண்ட். ஸ்க்ரீன்ல அருமையா இருக்கு. அச்சகத்துலேருந்து வந்த புரூஃப்ல எழுத்தெல்லாம் வெளிறிக் கிடக்கு. நாளைக்கு பிளேட் (அச்சுத் தகடு) போடுறாங்க. ஃபாண்டை மாத்தணுமா?

மைத்தொட்டி: எந்த காரமாண்ட்? எத்தனை பாயிண்ட்? என்ன பேப்பர்? பிடிஎஃப் எதுலேருந்து எடுத்தீங்க?

நேர்கோடு: பேப்பர்தான் காரணம். மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத புத்தகப் பேப்பர், மையை உறிஞ்சிடும். ஆர்ட் பேப்பர் போடுங்க.

மைத்தொட்டி: நாவலுக்கு ஆர்ட் பேப்பரா! மேப்லித்தோல மை பரவி எழுத்து தடிக்கும், மெலியாது.

அச்சுக்கோப்பு: ‘காரமாண்ட்’ என்று மட்டும் கேட்டால் யார் என்ன சொல்வது? இது பாலபாடம். வேர்டோடு வருவது மோனோடைப் நிறுவனம் ஈய அச்சுக்காக 1922-இல் வெளியிட்டது. ஈய எழுத்தை அழுத்தும்போது மை பிதுங்கிக் கோடு தடிக்கும். டிஜிட்டலில் அந்தப் பிதுக்கம் இல்லை, மெலிந்த கோடு அப்படியே நிற்கும். தவிர, அது பிரெஞ்சு எழுத்துச் செதுக்குநர் க்ளோட் காரமாண்டின் எழுத்தே இல்லை. அவர் 1561-இல் இறந்தார். இது 1621-இல் எழுத்து மாதிரி நூல் போட்ட இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஜானோனின் எழுத்து.

நேர்கோடு: ஃபாண்ட் பெட்டியில காரமாண்ட்னுதானே போட்டிருக்கு?

அச்சுக்கோப்பு: அச்செழுத்து ஆய்வாளர் பியாட்ரிஸ் வார்ட் 1926-இலேயே ஆண் புனைபெயரில் எழுதி அம்பலப்படுத்திவிட்டார். n, m, r தலையில் உள்ள செரிஃப் (கோட்டு முனையின் சிறு நீட்டல்) குழிந்து செங்குத்தாக நிற்கும், சாய்வெழுத்தில் ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் சாயும். பார்த்தால் தெரியும்.

நேர்கோடு: அசல்தான் வேணும்னா சபோன் ஃபாண்ட் போடலாமே.

அச்சுக்கோப்பு: சபோன் 1967-இல் வெளிவந்தது, யான் சிஹோல்ட் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. அசலா அது?

மைத்தொட்டி: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க, அவருக்கு நாளைக்கு பிளேட்.

சுவடி27: வேர்டு, 10 பாயிண்ட், லீடிங் (வரி இடைவெளி) 14, பேப்பர் நேச்சுரல் ஷேட் 70 ஜிஎஸ்எம்.

மைத்தொட்டி: புரூஃபை லென்ஸ்ல பாருங்க. எழுத்தோட ஓரம் புள்ளி புள்ளியா இருந்தா ஃபாண்ட் மேல பழி போடாதீங்க, கறுப்பு 100% இல்ல. சாம்பலைப் புள்ளியா உடைச்சுத்தான் அடிக்க முடியும். காரமாண்டோட மெல்லிய கோட்டுல ரெண்டு புள்ளி விழுந்தாலே அதிகம். அக்ரோபாட்ல அவுட்புட் ப்ரிவியூ திறந்து எழுத்து மேல கர்சர் வைங்க. கே (கறுப்பு மை) 100, மத்த மூணு நிற மையும் 0 இருக்கணும். அப்புறம் 11 பாயிண்ட் ஆக்குங்க, இதுல சின்ன எழுத்தோட உயரம் குறைவு, 10 கண்ணுக்கு 9 மாதிரி இருக்கும். ஃபாண்டையும் மாத்துறதா இருந்தா இபி காரமாண்ட் இலவசம், அதுல கொஞ்சம் தடிச்ச மீடியம் எடுங்க.

சுவடி27: புள்ளிதான். டெம்ப்ளேட்ல எழுத்து நிறமே 15% வெளிர்ந்த கறுப்பு. மாத்தி, 11 ஆக்கியாச்சு. இப்ப 219 பக்கம்.

மைத்தொட்டி: 16 பக்க ஃபாரம்னா (ஒரு தாள்ல சேர்த்து அடிச்சு மடிக்கிற பக்கங்கள்) 224 வரும், 5 பக்கம் வெள்ளையா நிக்கும். ஓரத்தைக் குறைச்சு 208-க்கு இறக்க முயற்சி பண்ணாதீங்க, நெரிசலாயிடும்.

நேர்கோடு: அப்ப பேப்பர் பிரச்சினை இல்லையா?