ஊர்ல எல்லாரும் "சரிங்க மேடம்"னு தலையாட்டுறாங்க, மனசு விட்டுப் பேச வைக்கிறது எப்படி?

தாம்பரம்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் சென்னைல படிச்சு வளந்தவ, இப்ப விளாத்திகுளம் பக்கம் கிராமங்கள்ல கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்தசோகை பத்தி எடுத்துச் சொல்ற வேலைல இருக்கேன். படம் போட்ட சார்ட் இருக்கு, ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ போனா என்ன ஆகும், இரும்புச்சத்து மாத்திரை 180 நாள் ஏன் விடாம சாப்பிடணும்னு எல்லாம் தெளிவா சொல்றேன், கேட்டுட்டு "சரிங்க மேடம்"ங்கிறாங்க, டீ கூட போட்டுத் தர்றாங்க, ஆனா மாத்திரை அட்டை அப்படியே பிரிக்காம மாடக்குழில கெடக்கு. ஏம்மா சாப்பிடலன்னு கேட்டா சிரிக்கிறாங்க, அவ்ளோதான். சில வீட்ல பெரியவங்க அவங்களுக்குள்ள தெலுங்குல பேசிக்கிறாங்க, நான் வெளி ஆளாவே நிக்கிறேன். எனக்கு டார்கெட் முடிக்கிறது முக்கியம் இல்ல, நெஜமாவே அவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரிட்டயர்டு_நர்ஸம்மா:
ஏம்மா, நான் ராமநாதபுரம் பக்கம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர்டு ஆனவ, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மொதல்ல அந்த சார்ட்ட பையிலயே வெச்சிரு. சார்ட்ட விரிச்சதும் அது பள்ளிக்கூடம் ஆயிரும், பள்ளிக்கூடத்துல டீச்சர் கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க. எப்ப போறங்கிறதும் இருக்கு, காலைல பதினொரு மணிக்குப் போனா பாதிப் பேரு காட்டு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ விறகு எரிச்சு கரி சுடுற கரிமூட்டத்துக்கோ போயிருப்பாக, வீட்ல இருக்கிறவளும் ஒல வச்சிட்டு நிப்பா. சாயங்காலம் மிளகா காம்பு கிள்ள உக்காருவாக பாரு, அங்க போயி நீயும் ஒரு முறம் வாங்கி உக்காரு. கை வேலை செஞ்சா கண்ணு கீழ இருக்கும், மூஞ்சியப் பாத்துச் சொல்லக் கூசுறதெல்லாம் அப்பத்தான் வாயில வரும்.

அப்புறம் "நீ ஏன் சாப்பிடல"ன்னு கேக்காதம்மா, அது விசாரணை மாதிரி இருக்கு. "ஒரு ஊர்ல ஒருத்தி மாசமா இருந்தாளாம், மாத்திரை போட்டா மறுநாள் வெளிக்குப் போறது கறுப்பா போகுதேன்னு பயந்து யாருக்கும் தெரியாம தொழுவத்துல போட்டுட்டாளாம், மாமியாகாரி அதப் பாத்துட்டாளாம்"னு ஆரம்பிச்சிட்டு நிறுத்திரு. மிச்சத்த அவுகளே சொல்லுவாக. ஒருத்தி கறுப்பா போறது உண்மைதான்னுவா, ஒருத்தி குமட்டிக்கிட்டு வருதுன்னுவா, மூணாவது ஆளு புள்ள கறுத்துப் போயிரும்னு மாமியா சொன்னாகன்னுவா. தன்னப் பத்தின்னா வாயே தொறக்க மாட்டா, ஆனா கதைல வர்றவளப் பத்தின்னா எம்புட்டு வேணாலும் பேசுவா, பேசுறதெல்லாம் தன் கதையாத்தான் இருக்கும்.

அப்பத்தான் நீ பதில் சொல்லணும். கறுப்பா போறது அந்த மருந்தோட தன்மை, அதனால கெடுதல் இல்ல. புள்ளையோட நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே கெடையாது. குமட்டுனா ராத்திரி சாப்பாட்டுக்குப் பெறகு போட்டுப் படுத்திரச் சொல்லு. டீயோட போடக்கூடாது, ஒரு மணி நேரம் தள்ளி டீ குடிக்கலாம், கால்சியம் மாத்திரையும் அதோட சேத்துப் போடக்கூடாது. நெல்லிக்கா, கொய்யா, எலுமிச்ச சாறுன்னு புளிப்பா எதாச்சும் கூட இருந்தா சத்து நல்லா ஒட்டும். இதெல்லாம் உன் சார்ட்லயும் இருக்கும், ஆனா அவ கேட்ட பெறகு சொன்னாத்தான் அவ மருந்து அது.

மாமியாரையும் விட்டுறாத, பல வீட்ல அந்த மாத்திரைய எடுத்துக் குடுக்குறதா வேணாமாங்கிறது அவுக கையிலதான் இருக்கு.

குடம்_அடிக்கிறவன்:
நர்ஸம்மா சொன்னது நூத்துக்கு நூறு. நான் திருநெல்வேலி பக்கம் வில்லுப்பாட்டு செட்டுல குடம் அடிக்கேன், அதுல இருந்து ஒண்ணு சொல்லுதேன் தங்கச்சி. புலவர் வில்லுல வீசுகோல் தட்டி கதைய இழுத்துட்டுப் போகும்போது நாங்க பின்பாட்டுக்காரங்க "ஆமா"ன்னு சொல்லிக்கிட்டே வருவோம், இடையில "அப்புறம் என்னாச்சு"ன்னு கேப்போம், தெரியாத மாதிரி ஒரு கேள்வி போடுவோம். கோயில் திருவிழா, அதான் கொடை, அதுல விடிய விடிய சுடலமாடன் கதை நடக்கும்போது அந்த ஆமா மட்டும் இல்லன்னு வைங்க, புலவருக்கே சோர்வு தட்டிரும். வீட்ல ஆச்சி கதை சொல்லும்போது நாம உம் கொட்டலைன்னா "தூங்கிட்டியால"ன்னு நிறுத்திருவாகல்லா, அதே கணக்குதான். நீங்க பேசப் பழகியிருக்கீங்க, இப்ப உம் கொட்டப் பழகணும். ஒரு கிழவி தன் மொத பிரசவத்தப் பத்தி ஆரம்பிச்சா, நடுவுல புகுந்து "அது தப்பு பாட்டி, இப்பல்லாம் அப்படி செய்யக்கூடாது"ன்னு சொல்லிராதீங்க, முழுசா முடியட்டும். கூட்டம் சேந்துரும், சின்னப் பொண்ணுங்களும் வந்து உக்காந்துருவாங்க.

இன்னொண்ணு, நாங்க எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரு சாமி, பெரியவங்க எல்லாருக்கும் வந்தனம் பாடிட்டுத்தான் கதைக்குள்ளயே போவோம். நீங்களும் அந்த ஊரு கோயில் எது, கொடை எப்ப, கண்மாய்ல தண்ணி கெடக்கான்னு விசாரிச்சிட்டு ஆரம்பிங்க, சும்மா பேருக்கு இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கிட்டு.

அறிவொளி_தொண்டர்:
தோழருக்கு வாழ்த்துகள், இந்தக் கேள்விய கேட்டதுக்கே. நான் 1991-ல புதுக்கோட்டைல, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கக் கத்துக் கொடுத்த அறிவொளி இயக்கத்துல தொண்டரா இருந்தவன். அப்ப எங்க பாடப் புத்தகத்துல மொத வார்த்தை "அம்மா" இல்ல, "பட்டா". நிலம் இல்லாத ஆளுக்கு அந்த வார்த்தைய எழுதிக் காட்டினா போதும், எழுத்து ஒரு பக்கம் இருக்க, பட்டா யாருக்குக் கெடைச்சுது யாருக்குக் கெடைக்கலன்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் பேச்சு ஓடும். பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டதும் அந்த நேரத்துலதான், பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்துக் கெடக்காம குவாரிக்கும் தண்ணிக்கும் சந்தைக்கும் போக முடிஞ்சுது, அதுக்கப்புறம் வகுப்புக்கு வான்னு யாரையும் கெஞ்ச வேண்டியதில்ல. கலைக்குழு நாடகம் போடுவோம், ஆனா நாடகம் முடிஞ்ச பெறகு தரைல உக்காந்து பேசுற அந்த ஒரு மணி நேரத்துலதான் எங்களுக்கு ஆளுங்க கெடைச்சாங்க. உங்க ஊர்ல ரத்தசோகைக்கு முன்னாடி அவங்களுக்கு இருக்கிற கவலை என்ன? தண்ணியா, கூலி பாக்கியா, பஸ் வரலையா? அதுல ஒண்ணுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கிற அளவுக்காவது கூட நில்லுங்க. வேறெதுவும் எனக்குச் சொல்லத் தோணல.

தாம்பரம்_பொண்ணு:
படிக்கப் படிக்க நாளைக்கே போயி உக்காரணும் போல இருக்கு, எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம் நர்ஸம்மா, கதைன்னா கட்டிச் சொல்றதா இல்ல நடந்ததையே சொல்லலாமா? பக்கத்து ஊர்ல ஒருத்தங்க ரத்தம் போதாம பிரசவத்துல ரொம்ப கஷ்டப்பட்டாங்க, அதச் சொன்னா பயந்தாவது மாத்திரை போடுவாங்கன்னு ஒரு எண்ணம்.

ரிட்டயர்டு_நர்ஸம்மா:
அதச் சொல்லாதம்மா. பேரே சொல்லலைன்னாலும் பக்கத்து ஊரு விஷயம் யாருன்னு அடுத்த நிமிஷமே கண்டுபிடிச்சிருவாக, நாளைக்கு நம்ம கதையும் இந்தப் பொண்ணு வாயில எங்கயோ ஓடும்னு தோணிருச்சுன்னா அந்தத் தெருவுல உனக்கு அப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. அவுகளே வந்து சொல்றேன்னு சம்மதிச்சா அது வேற, கூட்டிட்டு வந்து பேச விடு. பயமுறுத்துறதும் வேணாம், பயந்தவ ஆஸ்பத்திரிப் பக்கமே வராம அம்மா வீட்டுக்குப் போயிருவா, நான் பாத்திருக்கேன்.

அங்கன்வாடில சமுதாய வளைகாப்பு எப்ப வருதுன்னு கேட்டு வை. அன்னிக்கு மேடைல மைக் வாங்காத, வளையல் போட வந்த மாமியாருங்க பக்கத்துல போயி உக்காந்து, அவுக காலத்துல மாசமா இருக்கப்ப என்ன சாப்பிடக் குடுத்தாகன்னு கேளு. முருங்கக்கீரை, கேப்பை, கருப்பட்டி, எள்ளுன்னு வரிசையா வரும். தெலுங்குல பேசிக்கிட்டா அந்தப் பாட்டிககிட்டயே நாலு வார்த்தை சொல்லிக் குடுங்கன்னு கேளு, சந்தோஷமா சொல்லித் தருவாக. போயிட்டு வந்து இங்க எழுதும்மா.