புதுப்பிப்பு: குட்டை முடிக்குப் பூ ஜடை

தோள் வரைதான் முடி இருக்கும் என் மகளுக்கு நவராத்திரிக்குப் பூ ஜடை போட முடியுமா என்று கேட்டிருந்தேன். சவுரி (முடியோடு சேர்த்துப் பின்னும் பொய்முடி) வைக்கச் சொன்ன எல்லோருக்கும் நன்றி, அருமையாக அமைந்தது!

லேசாக எண்ணெய் தடவி வாரி, சவுரியைச் சேர்த்து முதல் மூன்று பின்னலை மட்டும் இறுக்கினோம். மல்லிகை மொட்டுகளை நேராகத் தலையில் குத்தாமல், வாழைப்பட்டையில் வரிசையாகத் தைத்து, ஓரத்தில் கனகாம்பரம் வைத்து, அப்புறம் அந்தப் பட்டையை ஜடைமேல் வைத்து நூலால் கட்டினோம். ஊசி தலைப்பக்கமே போகாததால் குழந்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தலை நகைகளில், வகிட்டுக்கு வலப்பக்கம் சூரியன் வடிவச் சூரியப் பிரபை, இடப்பக்கம் பிறை வடிவச் சந்திரப் பிரபை வைத்தோம். பின்தலையில் வைக்கும் வட்ட நகையான ராக்கொடி வேண்டாம் என்று விட்டுவிட்டோம், சின்னத் தலைக்கு அது கனம். ஜடை நுனியில் தொங்கும் குஞ்சலமும் பட்டுநூலில் செய்ததே போதும். உலோக மணி வைத்தது பின்னலைக் கீழே இழுக்கும்.