எந்த நிலையைத் தாண்டினால் ‘நீச்சல் தெரியும்’ என்று சொல்லலாம்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

முப்பத்தெட்டு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். குளத்துச் சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். முகத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி விடுவது முதல் நிலை. மல்லாந்தும் குப்புறவும் மிதப்பது, சுவரை உதைத்துச் சறுக்குவது எல்லாம் இரண்டாவது. பக்கவாட்டில் மூச்சு எடுத்து ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டர் போனால் மூன்றாவது. ஆறே வாரத்தில் மூன்றையும் முடித்துவிட்டேன் என்று பெயருக்கு நேரே குறி போட்டார்கள். அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் ஆழமான பக்கத்தில் நீந்தும்போது எதிரே ஒருவர் குறுக்கே வந்தார். மோதாமல் இருக்கச் சட்டென்று நின்றேன். கால் தரையைத் தேடியது, தரை இல்லை. உடம்பு செங்குத்தாகிவிட்டது. பயத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன், தலை உள்ளே போய்விட்டது. பக்கத்தில் லேன் கயிறு இருந்ததால் பிடித்துக்கொண்டேன். கரைக்கு வந்த பிறகும் கால் நடுங்கியது நிற்கவில்லை.

அன்று இருந்த வேறொரு பயிற்சியாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “25 மீட்டர் போகும்போது தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுகிறீர்களா?” யோசித்துப் பார்த்தேன். விடவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நீந்தி, முடியாதபோது தலையைத் தூக்கி ஒரு வாய் காற்று வாங்கி, மறுபடி பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். தலை தூக்கினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், அதை ஈடுகட்ட இன்னும் வேகமாகக் காலை அடிக்க வேண்டும், அதில் மூச்சு இன்னும் வாங்கும். இப்படித்தான் ‘தேர்ச்சி’ பெற்றிருந்தேன்.

அவர் என்னை முதல் நிலைக்கே அழைத்துப் போனார். குமிழி, மிதப்பது, சறுக்குவது. மூன்று வாரம் அவ்வளவுதான். அப்புறம் நின்ற நிலையிலேயே காலை அசைத்து, தலையை மட்டும் வெளியே வைத்திருக்கப் பழக்கினார். இதில் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்க எனக்கு 25 மீட்டரைவிட அதிக நாள் ஆனது.

கடைசியாக அவர் வைத்த சோதனை, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தண்ணீரில் தற்காத்துக்கொள்ளும் திறனுக்கு வைத்திருக்கும் ஐந்து படிகள்: தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து மேலே வர வேண்டும், ஒரு நிமிடம் மிதக்க வேண்டும், ஒரு முழுச் சுற்று திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், 25 கஜம், அதாவது 23 மீட்டர் அளவுக்கு, நீந்தி அங்கே போக வேண்டும், ஏணி இல்லாமல் மேலே ஏற வேண்டும். ஐந்தையும் இடைவெளி விடாமல் செய்ய வேண்டும். நீந்துவது அதில் நான்காவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். என்னைத் திணறடித்தது முதல் மூன்றும்தான்.

உங்களுக்கு எப்படி? எந்தப் படியில் தடுக்கியது?

* * *

நல்ல விஷயம் எழுதினீர்கள். எனக்கு இது மகள் வழியாக வந்தது. ஏழு வயது. சான்றிதழ் வாங்கி வந்த அன்றே “இனி நான் தனியாக ஆழத்துக்குப் போகலாம்தானே அம்மா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு உறுத்தியது. ஜெர்மனியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் முதல் பட்டயத்துக்கு ‘கடற்குதிரை’ என்று பெயர். அதற்கும் 25 மீட்டர்தான். ஆனால் அங்குள்ள உயிர்காப்புச் சங்கம் அதோடு ஒரு குழந்தையைப் பாதுகாப்பான நீச்சல்காரராகக் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்த வெண்கலப் பட்டயத்துக்கு 15 நிமிடம் நீந்தி, அதற்குள் குறைந்தது 200 மீட்டர் போக வேண்டும். நெதர்லாந்தின் ஏ, பி, சி பட்டயங்களில் உடை, காலணியோடு நீந்தச் சொல்வார்கள். தவறி விழுகிறவர் நீச்சலுடையில் இருக்கமாட்டாரே.

மகளை ஒரு நாள், பயிற்சியாளர் பக்கத்திலேயே இருக்க, பேன்ட் சட்டையோடு இறக்கினோம். பாதி தூரத்தில் திரும்பி வந்துவிட்டாள். “கை தூக்க வரலையே” என்றாள். அவள் அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நாங்களும் வகுப்பை நிறுத்தவில்லை.

* * *

நான் தடுக்கியது பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையில். மற்ற நிலைகளுக்கு ஒவ்வொரு மாதம் என்றால் இதற்கு மட்டும் எட்டு மாதம். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பித் தண்ணீரைத் தள்ள வேண்டும். என் கணுக்கால் திரும்பவே திரும்பாது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் அடுத்த நிலைக்குப் போய்விட்டார்கள், நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு சின்ன நோட்டு வைத்தேன். அட்டவணையில் வராதவற்றை அதில் குறிப்பேன்: 25 மீட்டருக்கு எத்தனை கை வீச்சு, சுவரைத் தொட்டதும் பேச முடிகிறதா, மல்லாந்து எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறேன். ஃப்ரீஸ்டைலில் 31 வீச்சாக இருந்தது அந்த எட்டு மாதத்தில் 22 ஆகியிருந்தது. சுவரில் என் பெயர் ஒரே கட்டத்தில் நின்றிருந்த காலம் அது.

* * *

தலைப்பிட்டவன்தான். நோட்டு யோசனைக்கு நன்றி, இன்று மாலையே ஆரம்பிக்கிறேன். முதல் வரியில் மிதக்கும் நேரத்தைத்தான் எழுதப்போகிறேன். போன ஞாயிறு நான்கு நிமிடம்.